இன்னும் முடிவாகவில்லை என்றவர்

என் கணவர் எந்த வழக்கையும் ஒரு பக்கம் மட்டும் கேட்டு முடிக்க மாட்டார். ரந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அவர் மண்டோராக இருந்தார். காலையில் குலை வெட்டும் ஆட்களைப் பிரித்து அனுப்புவது, வெட்டியது சரியாகப் பழுத்த குலைதானா என்று பார்ப்பது, லாரி வருவதற்குள் எல்லாவற்றையும் சாலையோரம் சேர்ப்பது அவர் வேலை. ஆட்களுக்குள் தகராறு வந்தால் அவரிடம்தான் வருவார்கள். இருவரையும் எதிரே நிற்க வைத்து, ஒருவர் பேசும்போது மற்றவர் வாய் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுக் கடைசிவரை கேட்பார். கோயில் கமிட்டியிலும் அப்படித்தான். "ரெண்டு பக்கமும் கேக்காம தீர்ப்பு சொல்றவன் மனுசனே இல்ல" என்பார். அந்தக் குணத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

நான் தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சமைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் மகள் ஜோகூரில் வேலைக்குப் போய்விட்டாள். தோட்டத்து வீட்டில் நாங்கள் இருவர்தான். வேலை முடிந்து வந்து குளித்ததும் அவர் கைபேசியோடு உட்கார்ந்துவிடுவார். பாட்டு, படம் எதுவும் வேண்டாம். யாராவது இருவர் எதிரெதிரே உட்கார்ந்து வாதாடும் வீடியோ வேண்டும். அரசியலாக இருக்கலாம், மருத்துவமாக இருக்கலாம். பூமி சூடாவதைப் பற்றிய வாதங்களையும் அப்படித்தான் பார்க்க ஆரம்பித்தார். மனிதன்தான் காரணம் என்பார் ஒருவர். இல்லவே இல்லை, எல்லாம் இயற்கை என்பார் இன்னொருவர். இருவர் பெயருக்கு முன்னாலும் டாக்டர் பட்டம் இருக்கும். பார்த்து முடித்துவிட்டு என்னிடம் சொல்வார்: "படிச்சவனுங்களே இன்னும் அடிச்சுக்கிறானுங்க. நமக்கு என்ன தெரியும்? இன்னும் முடிவாகலலா."

ஒரு சனிக்கிழமை பள்ளி மண்டபத்தில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு கூட்டம் வைத்தது. பேச வந்தவர் பல்கலைக்கழகத்தில் வானிலை பற்றிப் பாடம் நடத்துபவர். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர்தான், நாற்பது வயதிருக்கும். படங்களைக் காட்டி, நிலக்கரியும் எண்ணெயும் எரித்து எரித்து நாம்தான் பூமியைச் சூடாக்கியிருக்கிறோம் என்று விளக்கினார். நல்ல மனிதர், ஆனால் மேடைப் பேச்சாளர் இல்லை. தரையைப் பார்த்துப் பேசினார். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த நான் பின்வரிசையில் நின்று கேட்டேன்.

கேள்வி நேரம் வந்ததும் என் கணவர் எழுந்தார்.

"சார், எங்கப்பா காலத்துலயே எல் நினோ வந்துச்சு. ஆறு காஞ்சுச்சு. அப்ப ரோட்டுல இத்தனை காடியா ஓடுச்சு?"

"எல் நினோ இயற்கைதான், அண்ணே. நான் சொல்றது அதுக்கு மேல ஏறியிருக்கிற சூடு."

"சரி. இனிமே நம்ம பக்கம் மழை கூடுமா, குறையுமா?"

"அது... இன்னும் துல்லியமா சொல்ல முடியல. சில ஆய்வு கூடும்னு சொல்லுது, சிலது வேற மாதிரி சொல்லுது. மேகங்கள் எப்படி நடந்துக்கும்னு இன்னும் எங்களுக்குள்ள வாதம் இருக்கு."

என் கணவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பாத்தீங்களா? அவரே சொல்றாரு, இன்னும் வாதம் இருக்குன்னு! முடியாத கேசுக்கு எப்படி சார் தீர்ப்பு சொல்றீங்க?"

மண்டபமே கை தட்டியது. நானும் தட்டினேன். அந்த விரிவுரையாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கைதட்டல் ஓய்வதற்குள் தலைமையாசிரியர் நன்றியுரைக்கு எழுந்துவிட்டார். போகும்போது விரிவுரையாளர் என் கணவரிடம் கைகொடுத்துவிட்டு, "அண்ணே, நீங்க கேட்டது நல்ல கேள்வி. நான்தான் சரியா பதில் சொல்லல" என்றார். அதையும் என் கணவர் வெற்றியாகவே எடுத்துக்கொண்டார். ஒரு மாதம் வரை பசாரில் பார்க்கிறவர்கள் எல்லாம் அவரைத் தட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பேச்சு தோட்டத்து மேனேஜர் காதுவரை போயிருக்கிறது.

அடுத்த வருடம் தைப்பூசத்துக்குப் பிறகு மழை நின்றது. சீனப் பெருநாள் சமயத்தில் வெயில் கொளுத்துவது வழக்கம்தான். இது வேறு மாதிரி இருந்தது. சாயங்காலம் ஆனாலும் சுவரில் கை வைக்க முடியவில்லை. குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர். நாய்கள் சாக்கடையில் படுத்துக் கிடந்தன. செம்பனைக் காட்டுக்குள் நிழல் இருக்கிறதே என்று வெளியாட்கள் நினைப்பார்கள். காற்று நுழையாத நிழல் அது. மூடிய சட்டிக்குள் இருப்பது போலத்தான். அதற்குள் தலைக்கு மேல் கழியைத் தூக்கி, நுனியிலுள்ள அரிவாளால் மட்டையை அறுத்து, குலையை அறுத்து, விழுந்ததைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு வர வேண்டும்.

பள்ளியில் திடல் விளையாட்டை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகளை வெயிலில் விடக்கூடாது, தண்ணீர் போத்தல் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு வந்தது. நான் அன்று வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொன்னேன்.

"பிள்ளைங்களை வகுப்புக்குள்ளயே உக்கார வச்சிட்டாங்க. உங்க ஆளுங்க மட்டும் மத்தியானத்துல வெட்டணுமா?"

சாப்பிட்டு எழுந்தபோது, "நாளைக்கு ஆபீஸ்ல கேக்கறேன்" என்றார்.

கேட்டார். விடியுமுன் வேலையைத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம், நடுப்பகலில் ஆட்களை உட்கார வைக்கலாம் என்று கேட்டிருக்கிறார். மேனேஜர் சிரித்தாராம். அன்று வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னார்.

"என்னா சொன்னான் தெரியுமா? 'மண்டோர், நீதானே ஸ்கூல்ல பேசினியாம், இது வழக்கமா வர்ற வெயில்தான், படிச்சவங்களே இன்னும் முடிவு பண்ணலன்னு. அவங்க முடிவு பண்ணட்டும், அப்புறம் நாம டைம் மாத்துவோம்'ங்கிறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னா சொல்றது? என் வாயில வந்த சொல்லுதானே."

அதோடு விட்டுவிட்டார். மறுநாளும் ஆட்கள் வழக்கமான நேரத்துக்கே போனார்கள்.

அவருடைய ஆட்களில் தமிழர் யாரும் இல்லை. நம் பிள்ளைகள் எல்லோரும் செண்டாயான் பக்கம் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். வெட்டுகிறவர்கள் இந்தோனேசியாக்காரர்கள், வங்காளதேசத்துக்காரர்கள். அவர்களில் லொம்போக் தீவிலிருந்து வந்த ஒருவரோடு என் கணவருக்கு நல்ல பழக்கம். முப்பது வயது தாண்டியவர், ஊரில் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். எங்கள் வீட்டுக்கு வருவார். நான் வைக்கும் கருவாட்டுக் குழம்பை விரும்பிச் சாப்பிடுவார். கைபேசியில் மகள்களிடம் பேசும்போது என்னையும் கூப்பிட்டு முகம் காட்டச் சொல்வார். எனக்கு அந்தப் பிள்ளைகளின் பேச்சு பாதிதான் புரியும். இரண்டாவது பெண்ணுக்கு முன்பல் விழுந்திருந்தது நினைவிருக்கிறது.

ஒரு நாள் மத்தியானம் நான் பள்ளியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். தோட்டத்துச் செம்மண் சாலையில் டிராக்டர் எதிரே வந்தது. பின்னால் இழுவை வண்டியில், குலைகளை ஓரம் தள்ளிவிட்டு, அந்த லொம்போக்காரரைக் கிடத்தியிருந்தார்கள். என் கணவர் அவர் தலையை மடியில் வைத்திருந்தார். நான் ஏறிப் பார்த்தேன். உடம்பு அடுப்பில் வைத்த கெண்டி மாதிரி சுட்டது. ஒரு துளி வியர்வை இல்லை. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. யாரையோ அவருடைய பாஷையில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். தோட்டத்தில் முன்பு ஒரு மருந்தகம் இருந்தது. அதை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. என் கையில் மிச்சமிருந்த தண்ணீரை அவர் தலையில் ஊற்றினோம். அலுவலகத்து வண்டி வரத் தாமதமானது. வண்டி வந்து, மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது பேச்சு நின்றிருந்தது. மறுநாள் இறந்துபோனார். வெப்பம் தாங்காமல் உள்ளுறுப்புகள் எல்லாம் கெட்டுவிட்டதாக டாக்டர் சொன்னார்.

உடலை விமானத்தில் ஊருக்கு அனுப்பினார்கள். அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த சொந்தக்காரர் ஒருவர் கூடப் போனார். போகும் முன் அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை. என் கணவரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போய்விட்டார்.

அதன்பிறகு என் கணவர் வேலைக்குப் போனார், வந்தார். சாப்பாட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். வீடியோ எதுவும் பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, "கிளம்பு, அந்த சாரைப் பாத்துட்டு வரலாம்" என்றார். எந்த சார் என்று நான் கேட்கவில்லை. தலைமையாசிரியரிடம் விலாசம் வாங்கி வைத்திருந்தார்.

சிரம்பானில் ஒரு வரிசை வீடு. விரிவுரையாளரே வந்து கதவைத் திறந்தார். அவருக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்திருக்க வேண்டும். கொஞ்சம் தயங்கித்தான் உள்ளே விட்டார். அவர் மனைவி மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்தார். யாரும் தொடவில்லை.

"சார், நான் வாதாட வரல" என்றார் என் கணவர். "ஒன்னு கேக்கணும். நேரா சொல்லுங்க. மனுசன்தான் பூமியைச் சூடாக்குறான்னு நீங்க சொல்றதுல, உங்க ஆளுங்களுக்குள்ள இன்னும் சண்டை இருக்கா, இல்லையா?"

"இல்லண்ணே."

"அப்படின்னா அன்னைக்கு வாதம் இருக்குன்னு சொன்னீங்களே?"

"வாதம் வேற விஷயத்துல. எவ்வளவு வேகமா சூடேறும், எந்த ஊர்ல மழை எப்படி மாறும், மேகம் என்ன பண்ணும், இதுல எல்லாம் நாங்க தினமும் அடிச்சுக்கிறோம். யார் சூடாக்கினாங்கங்கிறதுல இல்ல. நீங்க அன்னைக்கு ரெண்டாவது கேள்வியைக் கேட்டீங்க. அந்தப் பதிலை முதல் கேள்விக்கு வச்சிட்டீங்க."

"ஆனா அந்த வீடியோல பேசுறவங்களும் டாக்டருங்கதானே?"

"டிவிக்காரங்க ரெண்டு நாற்காலி போட்டா ரெண்டு பேரும் சமம்னு நமக்குத் தோணுது. இந்தத் துறையிலேயே கிடந்து ஆய்வு பண்றவங்களைக் கூட்டி வச்சா, அந்தப் பக்கம் உட்கார ஆளைத் தேடணும்."

என் கணவர் விடவில்லை. எப்படித் தெரியும், சூரியனாக இருக்கக் கூடாதா என்று கேட்டார். குரலில் பழைய வேகம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். விரிவுரையாளர் பொறுமையாகச் சொன்னார். சூரியன்தான் காரணம் என்றால் மேல் வானமும் கீழ் வானமும் சேர்ந்து சூடாக வேண்டும். அப்படி இல்லை, கீழே சூடாகிறது, மிக உயரத்தில் குளிர்கிறது. போர்வை போர்த்தினால் உள்ளே இருப்பவனுக்கு வேர்க்கும், வெளியே சூடு போகாது, அது மாதிரி. காற்றில் கூடியிருக்கும் கரியமில வாயுவும் நிலக்கரியிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் வந்ததுதான் என்று அதைச் சோதித்தே சொல்ல முடியும் என்றார். எனக்கே புரிந்தது. அவர் அந்தக் கூட்டத்தில் இப்படிப் பேசியிருக்கலாமே என்று நினைத்தேன்.

என் கணவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"என் ஆளு ஒருத்தன் செத்துட்டான் சார். வெயில்ல. அந்தச் சூடுதான் அவனைக் கொன்னுச்சா?"

விரிவுரையாளருக்கு அந்தச் செய்தி தெரியாது போலிருக்கிறது. முகம் மாறிவிட்டது.

"ஒரு ஆளோட சாவை எடுத்து இது முழுக்க அதாலதான்னு நான் சொல்ல மாட்டேண்ணே. வெயில் எப்பவும் இருந்துச்சு. எல் நினோவும் இருந்துச்சு. நாம அது மேல இன்னும் சூட்டை ஏத்தி வச்சிருக்கோம். அதனால கெட்ட நாள் இன்னும் கெட்ட நாளாகுது. அது உண்மை. ஆனா அந்த மாதிரி நாள்ல ஒருத்தரை நிழல்ல உட்கார வைக்கிறதுக்கு, எங்க முடிவுக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லையே."

"அவன் எங்கிட்ட வந்தான் சார்" என்றார் என் கணவர். இதை அதுவரை என்னிடம் அவர் சொன்னதில்லை. "'பாக், கெப்பாலா பூசிங்'னு வந்து சொன்னான். தலை சுத்துதாம். லாரி வர்ற நேரம். அந்த வரிசையை முடிச்சிட்டு உக்காருன்னு அனுப்பிட்டேன். முடிச்சிட்டு உக்காருன்னு."

மைலோ ஆறி மேலே ஆடை படிந்திருந்தது. விரிவுரையாளரின் மனைவி சமையலறை வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரும்பி வந்து வீட்டுக்கு முன் காரை நிறுத்தியதும் என் கணவர் சொன்னார்: "சண்டையே இல்லாத இடத்துல சண்டை இருக்குன்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். அது அந்த மேனேஜருக்கு நல்லா தோதா போச்சு. எனக்கும்தான்."

சில வாரங்கள் கழித்து விசாரணைக்கு அதிகாரிகள் வந்தார்கள். முந்திய நாள் மேனேஜர் என் கணவரைக் கூப்பிட்டு, இறந்தவருக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லை, அன்று வெயிலும் எதிர்பாராதது, அப்படியே சொல்லிவிடு என்று சொல்லியிருக்கிறார்.

விசாரணை அன்று அவர் எல்லாவற்றையும் சொன்னார். தலை சுற்றுகிறது என்று இறந்தவர் வந்து சொன்னது, தான் திருப்பி அனுப்பியது, அதற்கு முன்பே நேரத்தை மாற்றக் கேட்டது, மேனேஜர் சொன்ன பதில். அவனுக்கு எந்த நோயும் இல்லை, என் ஆட்களிலேயே அவன்தான் திடமானவன் என்றும் சொல்லியிருக்கிறார். மேனேஜரிடம் அதிகாரி கேட்டபோது, தட்பவெப்பம் பற்றி நிபுணர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை என்றாராம். என் கணவர் குறுக்கே பேசினார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, இன்னொருவர் பேசி முடிக்கும் முன்.

"அது பொய்லா பாஸ். அதை நான்தான் பரப்பினேன். ஒத்துப்போய் ரொம்ப நாளாச்சு."

அதிகாரிகள் அதை எழுதிக்கொண்டார்களா என்று தெரியாது. கம்பெனி மீது ஏதோ நடவடிக்கை எடுத்ததாகக் கேள்விப்பட்டோம். லொம்போக்கில் அந்தக் குடும்பத்துக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று விசாரித்தும் சரியான பதில் கிடைக்கவில்லை. அந்த வருடம் மட்டும் வேலை நேரத்தை முன்னால் தள்ளினார்கள், நடுப்பகலில் ஓய்வு கொடுத்தார்கள். மழை வந்ததும் பழைய நேரமே திரும்பிவிட்டது. வருட முடிவில் என் கணவரின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை. வீட்டைக் காலி செய்ய அவகாசம் கொடுத்தார்கள், அந்த அளவுக்கு நல்லவர்கள்தான்.

இப்போது செண்டாயான் பக்கம் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறோம். அவர் ஒரு கிடங்கில் காவல் வேலை பார்க்கிறார். பள்ளி தூரமாகிவிட்டதால் நானும் சமையல் வேலையை விட்டுவிட்டேன். கோயில் கமிட்டியிலிருந்தும் அவர் விலகிவிட்டார். திரும்பக் கூப்பிட வந்தவர்களிடம், "எனக்குத் தீர்ப்பு சொல்லத் தகுதி இல்ல" என்று சொல்லி அனுப்பினார். அது அடக்கத்துக்குச் சொன்ன வார்த்தை இல்லை. அவர் அப்படித்தான் நம்புகிறார். நான் எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். விசாரணையில் நீங்கள் உண்மையைச் சொன்னீர்களே என்றேன். "செத்தப்புறம்" என்றார்.

போன மாதம் போர்டிக்சனில் ஒரு உறவினர் வீட்டுச் சாவுக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பிக்கொண்டிருந்தோம். மறுபடியும் மழை இல்லாத காலம். சாலையோரத்துப் புல் வெந்து கிடந்தது. ஒரு தோட்டத்தைக் கடக்கும்போது அவர் திடீரென்று காரை ஓரம் கட்டினார். எங்கள் பழைய தோட்டம் இல்லை, வேறு யாருடையதோ. சாலையை ஒட்டிய வரிசையில் மூன்று பேர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் பின் சீட்டிலிருந்த தண்ணீர்ப் போத்தல்களை எடுத்துக்கொண்டு மழைநீர் ஓடும் கானைத் தாண்டிப் போனார். நானும் பின்னால் போனேன்.

வங்காளதேசத்துப் பிள்ளைகள். எங்களைப் பார்த்து முதலில் பயந்தார்கள். அவர் மலாயில் சொன்னார்: உட்காருங்கள், தலை சுற்றினால் யார் சொன்னாலும் கேட்காதீர்கள், உட்கார்ந்துவிடுங்கள். ஒருவன் சிரித்துக்கொண்டே, உட்கார்ந்தால் மண்டோர் திட்டுவார் என்றான். என் கணவர் போத்தலை அவன் கையில் கொடுத்தார். அவன் பாதியைக் குடித்து, மீதியை மற்றவர்களுக்குக் கொடுத்தான். காலிப் போத்தலை மரியாதையாக இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான். பிறகு கழியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்கு நடந்தான்.